ஆயில் மாற்றிய பின் முதல் நிமிடம்

கங்கைச் சமவெளி மிகப் பெரியது. உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதி, பீகார், மேற்கு வங்காளம் எல்லாம் இதில் அடங்கும். இங்கே பல இடங்களில் நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. விவசாயிகள் குழாய்க் கிணறு போடுகிறார்கள். டீசல் எஞ்சினை வைத்துத் தண்ணீர் இறைக்கிறார்கள். மின்சாரம் எட்டாத வயல்களுக்கு இன்றும் டீசல் எஞ்சின்தான் துணை.

எல்லாரிடமும் எஞ்சின் இல்லை. இல்லாதவர்கள், எஞ்சின் வைத்திருப்பவரிடம் மணிக் கணக்கில் தண்ணீர் வாங்குகிறார்கள். ஒரு எஞ்சினை நம்பிப் பல வயல்கள் இருக்கின்றன.

அங்கே நவம்பர் மாதத்தில் கோதுமை விதைப்பார்கள். விதைத்து 21 நாள் அளவில் முதல் தண்ணீர் விட வேண்டும். அப்போதுதான் பயிரின் மேல்வேர் இறங்கும். அந்தத் தண்ணீர் தாமதமானால் விளைச்சல் குறையும். அந்த நேரத்தில் எஞ்சின் படுத்துவிட்டால் என்ன ஆகும்? எஞ்சின்காரருக்கு மட்டுமா நஷ்டம்? அவரை நம்பியிருக்கும் எல்லாருக்கும் நஷ்டம்.

எஞ்சின் நன்றாக உழைக்க வேண்டும் என்றுதான் ஆயில் மாற்றுகிறோம். ஆனால் ஆயில் மாற்றிய உடனே வரும் முதல் நிமிடத்தில் கவனம் தேவை. அது ஏன்? அப்போது என்ன செய்ய வேண்டும்? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஆயிலின் வேலை என்ன?

எஞ்சினுக்குள் இரும்புப் பாகங்கள் வேகமாக அசைகின்றன. பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. கிராங்க் தண்டு சுற்றுகிறது. அந்தத் தண்டைப் பேரிங்குகள் தாங்குகின்றன.

தண்டும் பேரிங்கும் நேராக உரசக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஆயில் மெல்லிய படலமாக நிற்கிறது. அந்தப் படலம் நம் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. தண்டு அதன்மேல் மிதந்து சுற்றுகிறது. சேற்றில் கால் வழுக்குவதை நாம் அறிவோம். காலுக்கும் தரைக்கும் நடுவே ஈரச் சேறு இருப்பதால்தான் வழுக்குகிறது. நமக்கு அது ஆபத்து. எஞ்சினுக்கு அந்த வழுக்கல்தான் உயிர்.

ஆயில் வேறு வேலைகளும் செய்கிறது. சூட்டைக் குறைக்கிறது. கரியையும் தூளையும் கழுவிக்கொண்டு வருகிறது. துரு ஏறாமல் காக்கிறது.

ஆயில் எப்படி மேலே போகிறது?

எஞ்சினின் அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. நாம் ஊற்றும் ஆயில் அங்கேதான் போய்த் தங்குகிறது. அங்கிருந்து ஒரு சிறிய பம்ப் அதை உறிஞ்சுகிறது. பில்டர் வழியாகத் தள்ளுகிறது. பில்டரில் அழுக்கு நின்றுவிடும். சுத்தமான ஆயில் சிறு துளைகள் வழியாகப் பேரிங்குகளுக்குப் போகிறது. பிறகு வழிந்து, மறுபடியும் தொட்டிக்கே வருகிறது.

இந்த ஆயில் பம்பை ஓட்டுவது யார்? எஞ்சின்தான். எஞ்சின் சுற்றினால் பம்ப் சுற்றும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் மாற்றும்போது என்ன நடக்கிறது?

பழைய ஆயிலை வடிக்கிறோம். தொட்டி காலியாகிறது. வழியில் உள்ள துளைகளிலும் ஆயில் குறைகிறது. புதிய பில்டர் போட்டால் அதுவும் காலியாக இருக்கிறது.

புதிய ஆயிலை ஊற்றுகிறோம். அது நேராகத் தொட்டிக்குப் போய்விடுகிறது. தொட்டி நிறைந்தது. ஆனால் பேரிங்குக்கு ஆயில் இன்னும் போகவில்லை. பம்ப் முதலில் காலி பில்டரை நிரப்ப வேண்டும். துளைகளில் உள்ள காற்றைத் தள்ள வேண்டும். அதன் பிறகே ஆயில் பேரிங்கைத் தொடும். அதற்குச் சில விநாடிகள் ஆகும்.

சில விநாடிதானே என்று நினைக்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பம்பு செட் எஞ்சின்கள் பல, ஒரு நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. 1500ஐ 60ஆல் வகுத்தால் 25 வரும். அதாவது ஒரு விநாடிக்கு 25 சுற்று. ஆயில் வந்து சேர 8 விநாடி ஆனால், 25 × 8 = 200 சுற்று. இந்த 200 சுற்றும் புதிய ஆயில் இல்லாமலே நடக்கிறது.

பாகங்களின்மேல் பழைய ஆயில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் எஞ்சின் உடனே கெட்டுவிடாது. தேய்மானம் மெல்ல மெல்லச் சேரும். எஞ்சின் வேகமாகவும் பாரத்தோடும் ஓடினால் தேய்மானம் கூடும். குளிரில் ஆயில் கெட்டியாகிவிடும். அப்போது அது மேலே போக இன்னும் நேரம் எடுக்கும். கங்கைச் சமவெளியில் ஜனவரி மாத விடியற்காலை கடும் குளிராக இருக்கும்.

இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு. ஏதோ ஒரு தவறினால் ஆயில் மேலே போகாமலே இருக்கலாம். பில்டரின் ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் ஆயில் வெளியே கொட்டலாம். ஆயில் ஊற்றவே மறந்திருக்கலாம். இதைக் கவனிக்காமல் ஓட்டினால் சில நிமிடத்தில் பேரிங் உருகி எஞ்சின் இறுகிவிடும். பிறகு தண்டைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பருவ வருமானம் அதிலேயே போய்விடும்.

ஆகவே முதல் நிமிடத்தில் இரண்டு வேலை. ஆயிலை முன்கூட்டியே மேலே ஏற்ற வேண்டும். அது ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

படிப்படியாகச் செய்வோம்

கையால் சுற்றி ஓட்டும் பம்பு செட் எஞ்சினை எடுத்துக்கொள்வோம்.

1. எஞ்சினை 10 நிமிடம் ஓட்டுங்கள். ஆயில் சூடாகி இளகும். அழுக்கும் அதோடு கலந்து வரும். எஞ்சினை நிறுத்துங்கள். கை சுடாத அளவு ஆறட்டும்.

2. ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: "ஆயில் இல்லை. ஓட்டாதே." அதை எஞ்சினிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். ஹேண்டிலை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் வேறொருவர் வந்து ஓட்டிவிடக் கூடாது.

3. அடியில் உள்ள திருகைக் கழற்றுங்கள். ஆயிலைப் பாத்திரத்தில் பிடியுங்கள். 15 நிமிடம் வடியவிடுங்கள். திருகின் வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். திருகை மறுபடி இறுக்குங்கள்.

4. பழைய பில்டரைக் கழற்றுங்கள். அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கலாம். விரலால் தடவிப் பாருங்கள். பழைய வளையத்தின்மேல் புதிய வளையம் உட்கார்ந்தால் ஆயில் பீறிட்டுக் கொட்டும்.

5. புதிய பில்டரின் வளையத்தில் கொஞ்சம் புதிய ஆயில் தடவுங்கள். பில்டர் நிமிர்ந்து நிற்கும் வகை என்றால், அதில் புதிய ஆயிலை ஊற்றி நிரப்புங்கள். ஓரத்தில் உள்ள சிறு துளைகளில் ஊற்றுங்கள். நடுவில் உள்ள பெரிய துளையில் ஊற்றாதீர்கள். ஓரத் துளையில் ஊற்றும் ஆயில் வடிகட்டப்பட்டுப் போகும். நடுத் துளையில் ஊற்றினால் தூசி நேராகப் பேரிங்குக்குப் போகலாம். கிண்ணத்துக்குள் காகித பில்டர் வைக்கும் வகை என்றால் கிண்ணத்தில் ஊற்றுங்கள். படுத்திருக்கும் பில்டரையும் தலைகீழாக நிற்கும் பில்டரையும் நிரப்ப முடியாது. அவற்றுக்கு வளையத்தில் ஆயில் தடவினால் போதும்.

6. எஞ்சின் சமதரையில் நிற்க வேண்டும். புதிய ஆயிலை ஊற்றுங்கள். அளவுக் கம்பியைத் துடைத்து, விட்டு எடுத்துப் பாருங்கள். கம்பியில் இரண்டு கோடுகள் இருக்கும். ஆயில் மேல் கோட்டைத் தொட்டால் போதும். அதற்கு மேல் ஊற்றக் கூடாது. அதிகமானால் ஆயில் நுரைக்கும். புகை வரும்.

7. இதுதான் முக்கியமான படி. டீசல் போகாமல் நிறுத்தும் லீவரை நிறுத்திய நிலையில் வையுங்கள். எஞ்சினின் தலைப்பக்கம் ஒரு சிறு லீவர் இருக்கும். காற்று அழுத்தத்தை விடுவிக்கும் லீவர் அது. எஞ்சின் ஓட்டும்போது தினமும் அதைத் தூக்குகிறீர்கள். அதைத் தூக்கிப் பிடியுங்கள். ஹேண்டிலைப் போட்டு 20 முதல் 30 சுற்று நிதானமாகச் சுற்றுங்கள். டீசல் இல்லாததால் எஞ்சின் ஓடாது. ஆனால் ஆயில் பம்ப் ஓடும். ஆயில் பில்டருக்குப் போகும். துளைகளுக்குப் போகும். பேரிங்கைத் தொடும்.

கையால் சுற்றும்போது வேகம் குறைவு. உள்ளே வெடிப்பின் பாரமும் இல்லை. ஒட்டியிருக்கும் பழைய ஆயிலே அந்தச் சுற்றுக்குப் போதும். ஆகவே தேய்மானம் மிகக் குறைவு.

8. இப்போது எஞ்சினை ஓட்டலாம். தண்ணீர் பம்ப் எஞ்சினோடு நேராக இணைந்திருந்தால், முதலில் பம்பில் தண்ணீர் நிரப்புங்கள். பெல்ட்டால் ஓடும் பம்ப் என்றால் பெல்ட்டைப் பிறகு மாட்டலாம். டீசல் லீவரைத் திறங்கள். எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். 2 நிமிடம் பாரம் ஏற்றாதீர்கள்.

9. ஆயில் அழுத்தம் காட்டும் முள் இருந்தால் அதைப் பாருங்கள். சில எஞ்சின்களின் தலையில் சிவப்புக் குமிழ் இருக்கும். ஆயில் ஏறினால் அது எழும். 10 விநாடிக்குள் முள் நகர வேண்டும், அல்லது குமிழ் எழ வேண்டும். இல்லையென்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

10. பில்டர் அருகிலும் அடித் திருகிலும் ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். 10 நிமிடம் கழித்து அளவுக் கம்பியை மறுபடி பாருங்கள். பில்டருக்குள் ஆயில் போனதால் அளவு குறைந்திருக்கலாம். குறைந்த அளவை ஊற்றுங்கள். பிறகு அட்டையைக் கழற்றலாம்.

இதற்கெல்லாம் ஆகும் கூடுதல் நேரம் கால் மணிதான். பணச் செலவு இல்லை.

பாதுகாப்பு

சேலை முந்தானை, துண்டு, வேட்டி நுனி ஆகியவற்றை இறுகச் செருகிக்கொள்ளுங்கள். பெல்ட்டும் சக்கரமும் துணியை இழுத்துவிடும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். ஹேண்டில் திருப்பி அடித்தால் கை விடுபட்டுவிடும். விரல் பிழைக்கும்.

பழைய எஞ்சினுக்கு வேறு முறை

குஜராத் மாநிலத்தில் ராஜ்கோட் என்ற நகரம் உண்டு. டீசல் எஞ்சின் செய்வதில் பெயர் பெற்ற ஊர். அங்கே செய்த மெதுவான வகை எஞ்சின்கள் நாட்டின் பல பகுதிகளில் ஓடுகின்றன. பெரிய சக்கரமும் கனத்த உடலும் கொண்டவை. நிமிடத்துக்கு 650 சுற்று சுற்றுபவையும் அவற்றில் உண்டு.

இந்த வகையில் சில எஞ்சின்களில் அழுத்தத்தோடு ஆயில் தள்ளும் முறை இல்லை. கிராங்க் தண்டோடு சேர்ந்த கரண்டி போன்ற துண்டு, சுற்றும்போது ஆயிலை அள்ளித் தெளிக்கும். தலைப்பக்கம் உள்ள வால்வு நெம்புகளுக்கு அந்த ஆயில் எட்டாது. எண்ணெய்க் குப்பியால் சில சொட்டு விட வேண்டும். ஆயில் மாற்றிய பிறகு இதை மறக்கக் கூடாது. பிறகு மேலே சொன்னபடி கையால் சுற்றித் தெளிக்கவிட்டு ஓட்ட வேண்டும்.

டிராக்டர், லாரி, பைக்

எல்லா எஞ்சினுக்கும் கருத்து ஒன்றுதான். செய்யும் முறை மட்டும் மாறும்.

பழைய வகை டிராக்டரில் எஞ்சினை நிறுத்த இழுக்கும் குமிழ் இருக்கும். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை 5 முதல் 10 விநாடி சுற்றலாம். ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். மறுபடி சுற்றுங்கள். தொடர்ந்து சுற்றினால் ஸ்டார்ட்டர் சூடாகிக் கெடும். பேட்டரியும் இறங்கிவிடும்.

டிராக்டர், லாரி, கார் ஆகியவற்றின் முன்பலகையில் எண்ணெய்க் குப்பி போன்ற சிவப்பு விளக்கு இருக்கும். எஞ்சின் ஓடிய சில விநாடியில் அது அணைய வேண்டும். அணையாவிட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். டர்போ உள்ள வண்டியில் இன்னும் கவனம் தேவை. டர்போவின் சிறு தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றக் கூடியது. ஆயில் ஏறும் முன் ஆக்சிலேட்டரை அழுத்தினால் அதுதான் முதலில் கெடும்.

கிக்கர் உள்ள 4 ஸ்ட்ரோக் பைக்கில் சாவியை அணைத்துவிட்டு 10 முறை கிக்கரை மிதியுங்கள். பிறகு சாவியைப் போட்டு ஓட்டுங்கள். ஒரு நிமிடம் மெதுவாக ஓடட்டும்.

மின்னணுக் கருவிகள் உள்ள புதிய வண்டிகளுக்கு, வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும் முறையே சரி.

சில சந்தேகங்கள்

சந்தேகம்: முள் நகரவில்லை. வேகத்தைக் கூட்டினால் ஆயில் ஏறாதா?

விளக்கம்: ஏறாது என்றே நினைத்து நடக்க வேண்டும். வேகம் கூடினால் வறண்ட பேரிங் இன்னும் வேகமாகத் தேயும். எஞ்சினை நிறுத்துங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். பில்டரைப் பாருங்கள். மறுபடி கையால் சுற்றிப் பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சந்தேகம்: கெட்டியான ஆயில்தானே நல்லது?

விளக்கம்: அப்படி இல்லை. டப்பாவின்மேல் உள்ள எண்ணைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. 40 என்று இருக்கலாம். 15 டபிள்யூ 40 என்றும் இருக்கலாம். டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதன் முன் உள்ள எண் சிறியதாக இருந்தால், குளிரிலும் ஆயில் சீக்கிரம் ஓடும். பின்னால் உள்ள எண், எஞ்சின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று காட்டும். உங்கள் எஞ்சின் புத்தகத்தில் எந்த எண் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். சீல் உடைந்த டப்பாவை வாங்காதீர்கள்.

சந்தேகம்: இவ்வளவு கவனம் என்றால், ஆயில் மாற்றாமலே இருந்துவிடலாமே?

விளக்கம்: கூடாது. பழைய ஆயிலில் கரி சேரும். அது வழுக்கும் தன்மையை இழக்கும். குறித்த மணிக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும்.

சந்தேகம்: வடித்த ஆயிலை என்ன செய்வது?

விளக்கம்: வாய்க்காலில் ஊற்றாதீர்கள். கிணற்றருகே கொட்டாதீர்கள். தண்ணீரும் மண்ணும் கெடும். அடுப்பிலும் எரிக்காதீர்கள். மூடியுள்ள கேனில் சேர்த்து வையுங்கள். பழைய ஆயிலைச் சுத்தம் செய்ய அனுமதி பெற்றவர்களுக்கே அது போய்ச் சேர வேண்டும். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் இதைச் சொல்கின்றன. கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழைய ஆயில் தோலில் அடிக்கடி பட்டுக்கொண்டே இருந்தால் தோல் புற்றுநோய் வரக்கூடும்.

எழுதி வையுங்கள்

உங்களுக்கு இப்போது எழுதத் தெரியும். எஞ்சினுக்கு என்று ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணி ஓடியது என்று எழுதுங்கள். தண்ணீர் விற்பவர்கள் எப்படியும் மணிக் கணக்கு எழுதுகிறார்கள். அதே நோட்டில் ஆயில் கணக்கையும் எழுதலாம். ஆயில் மாற்றிய அன்று இந்த ஐந்தையும் எழுதுங்கள்:

தேதி
மொத்தம் ஓடிய மணி
ஊற்றிய ஆயில் எத்தனை லிட்டர், எந்த எண்
பில்டர் மாற்றியதா, இல்லையா
10 நிமிடம் கழித்துச் சேர்த்த ஆயில் எவ்வளவு

ஆயில் எப்போது மாற்றினோம் என்று யாரையும் கேட்க வேண்டாம். நோட்டே சொல்லும். ஆயில் வழக்கத்தைவிட அதிகம் குறைகிறதா? அதையும் நோட்டு காட்டிக் கொடுக்கும். எஞ்சின் தேயத் தொடங்கியதற்கு அது ஓர் அடையாளம். நீலப் புகை வருவதும், ஓட்டச் சிரமப்படுவதும் மற்ற அடையாளங்கள். சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் செலவும் சிறிதாக இருக்கும்.

நினைவில் கொள்வோம்

தொட்டியில் ஆயில் இருந்தால் போதாது. பேரிங்கில் இருக்க வேண்டும்.
முதலில் கையால் சுற்று. பிறகு ஓட்டு.
முதல் 2 நிமிடம் பாரம் ஏற்றாதே.
ஆயில் ஏறவில்லையா? நிறுத்து.
நிறுத்திய பிறகு அளவை மறுபடி பார்.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.
1. ஆயில் பம்பை ஓட்டுவது எது?
2. புதிய பில்டரில் ஆயிலை எந்தத் துளையில் ஊற்ற வேண்டும்? ஏன்?
3. கையால் சுற்றும்போது டீசலை ஏன் நிறுத்தி வைக்கிறோம்?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. தண்டும் பேரிங்கும் உரசாமல் காப்பது ________.
2. அளவுக் கம்பியில் ________ கோடுகள் இருக்கும்.
3. கோதுமைக்கு முதல் தண்ணீர், விதைத்து ________ நாள் அளவில்.

இ. கணக்கு.
ஒரு எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. ஆயில் ஏற 6 விநாடி ஆகிறது. அதற்குள் எத்தனை சுற்று சுற்றியிருக்கும்?

ஈ. செய்து பாருங்கள்.
ஓர் அட்டையில் "ஆயில் இல்லை. ஓட்டாதே." என்று பெரிதாக எழுதுங்கள். உங்கள் ஊரில் எஞ்சின் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். எதற்கு என்று அவருக்கு விளக்குங்கள்.

உ. கூடிப் பேசுங்கள்.
உங்கள் ஊரில் ஒரு எஞ்சினை எத்தனை குடும்பங்கள் நம்பி இருக்கின்றன? அதைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது?